பட்டியலில் யார் இருந்தார்கள்? சுனாமிக்குப் பிந்தைய நாகப்பட்டினம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2005 ஜனவரியில் நாகப்பட்டினம் போய்வந்தவர்களிடம் கேட்டால் பலரும் முதலில் சொல்வது துணி மூட்டைகளைப் பற்றித்தான். சாலையோரம் குவியல் குவியலாகப் பழந்துணி. கம்பளி ஸ்வெட்டர், சாயம் போன பேன்ட், பொத்தான் இல்லாத சட்டை என்று எங்கெங்கிருந்தோ லாரிகளில் வந்தவை. எங்கே இறக்குவது, யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல், கரையோரக் கிராமங்களுக்குப் போகும் வழியிலேயே கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். அதை அள்ளி அப்புறப்படுத்துவதே பிறகு தனி வேலையாகிவிட்டது.

அனுப்பியவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தார்கள், நெஞ்சு பதறியது, வீட்டில் இருந்ததைக் கட்டி அனுப்பினார்கள். ஆனால் வாங்கவேண்டிய இடத்தில் இருந்தவர்கள், முந்தின நாள் வரை சொந்த உழைப்பில் நாலு பேருக்குச் சோறு போட்டவர்கள். ஊரார் உடுத்திக் கழித்த துணியைத் தொட அவர்களுக்குக் கை வரவில்லை. அந்த வாரம் ஒரு பெண்ணுக்குத் தேவைப்பட்டது ஒரு புதுப் பாவாடை, உள்ளாடை, மாதவிலக்குக்குத் துணி, சோறு வடிக்க ஒரு பானை. அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாகை நிகழ்வை நான் எப்போது எடுத்துப் படித்தாலும் இந்த இடத்துக்குத்தான் திரும்பி வருகிறேன். அங்கே பணத்துக்குப் பஞ்சம் இல்லை, பொருளுக்கும் இல்லை. யாருக்கு என்ன போயிற்று, யாருக்கு என்ன வேண்டும் என்ற கணக்குக்குத்தான் பஞ்சம். அந்தக் கணக்கை ஒழுங்காக எடுத்த இடங்களில் உதவி வேலை செய்தது. எடுக்காத இடங்களில் நல்ல மனதோடு செய்ததுகூடத் தீங்காக முடிந்தது.

நடந்தது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம். இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்து அலை நாகைக் கரையில் ஏறியது. இடைப்பட்ட அந்த இரண்டரை மணி நேரத்தில் கரையில் இருந்த ஒருவருக்கும் ஒரு தகவலும் வரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது.

தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், வேளாங்கண்ணி என்று சில மைல் நீளக் கரையில் சாவு குவிந்தது. அக்கரைப்பேட்டைப் பாலத்தருகே விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். ஆழ்கடலில் இருந்த ஆண்களுக்குப் படகுக்கு அடியில் அலை போனதே தெரியவில்லை. கரையில் மீன் வாங்க நின்ற பெண்களையும், ஞாயிறு விடுமுறையில் மணலில் விளையாடிய பிள்ளைகளையும்தான் அது கொண்டுபோயிற்று.

முதல் பத்து நாள்

முதலில் வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அரசு இயந்திரம் அசைவதற்கு முன்பே கல்யாண மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் திறந்துவிடப்பட்டன. ஜமாத்துகள் அண்டா வைத்துச் சோறாக்கின. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் தொண்டர்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து உடல்களைத் தூக்கினார்கள். உடல் எடுக்கும் வேலையில் பெரும்பங்கு, வெளியூர் நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்களுடையது. பல இடங்களில் கையுறையும் காலணியும் சரியாக இல்லாமல் அதைச் செய்தார்கள். அவ்வளவு பெரிய சாவுக்குப் பிறகும் அந்தக் கரையில் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. சுகாதாரத் துறை தெருத் தெருவாகப் போட்ட பிளீச்சிங் பவுடரும் தடுப்பூசியும் அதற்குக் காரணம், சரி. ஆனால் அந்தப் பணியாளர்களுக்கு உரிய இடத்தை எந்த அறிக்கையும் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நிர்வாகம் செய்த நல்ல காரியம், அதிகாரத்தைக் கீழே இறக்கியது. மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் அனுப்பப்பட்டார்கள். பாதித்த பகுதிகள் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் ஓர் அதிகாரியின் பொறுப்பில் விடப்பட்டது. தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் சில நாட்களிலேயே நாகைக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தபோது தஞ்சை ஆட்சியர் அவர்தான். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் முன்னால் கோப்போடு போய் நிற்கக்கூடாது என்று தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தது சின்ன விஷயம் இல்லை.

இறந்தவர் ஒருவருக்கு மாநில அரசு 1 லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 1 லட்சம் என்று 2 லட்சம் ரூபாய். குடும்பங்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், வேட்டி, சேலை, கைச்செலவுக்குப் பணம். இவை வேகமாகவே போய்ச் சேர்ந்தன.

இதற்கிடையே டிசம்பர் 30 அன்று ஒரு கூத்து நடந்தது. வேறு சொல் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் கணித்ததை நம்பி, இன்னொரு சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை எச்சரிக்கை விட்டது. முகாம்களில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். நிவாரணப் பணியில் இருந்தவர்களும் ஓடினார்கள். உடல் தேடும் வேலை நின்றது. அப்படி எதுவும் வராது என்று பிறகு அறிவித்தார்கள். நான்கு நாளுக்கு முன் எச்சரிக்கை இல்லாமல் செத்தவர்களின் வீட்டார், இப்போது பொய் எச்சரிக்கையில் அரண்டு ஓடினார்கள். பொதுச்சேவை என்றால் சோறும் கூரையும் மட்டும் இல்லை, நம்பத்தகுந்த ஒரு சொல்லும் அதில் சேர்த்தி என்று அந்த நாள் காட்டியது.

ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு மேசை

நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் நாகைக்கு வந்து இறங்கின. சில நிறுவனங்களுக்குக் கடலோர வாழ்க்கை பழக்கம். பலவற்றுக்குக் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லோருக்கும் அக்கரைப்பேட்டைக்குத்தான் போகவேண்டும், ஏனென்றால் கேமரா அங்கேதான் இருந்தது. ஒரே முகாமுக்கு ஒரே வேளைக்கு நாலு வண்டி சாப்பாடு வரும். பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குப்பத்துக்கு ஒரு பொட்டலமும் போகாது.

இதை நேர்ப்படுத்த முன்வந்தவை இரண்டு அமைப்புகள். ஒன்று, நாகையில் மீனவப் பெண்களிடையே பல ஆண்டுகளாக வேலை செய்துவந்த ஸ்நேகா. மற்றொன்று, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சுருக்கமாக சிஃப்ஸ். 2005 ஜனவரித் தொடக்கத்தில், மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு, ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கினார்கள்.

அங்கே நடந்தது பார்க்கப் பெரிதாகத் தோன்றாத வேலை. வருகிற நிறுவனம் எது, என்ன கொண்டுவந்திருக்கிறது, எத்தனை நாள் இருக்கும் என்று பதிவு. எந்த ஊரில் எத்தனை குடும்பம், யாருக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஊர்வாரியாகக் கணக்கு. தங்குமிடம், வாழ்வாதாரம், குழந்தைகள், மனநலம், குடிநீர் என்று துறைவாரியாகக் குழுக்கள். அதிகாரிகளும் நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ‘அந்த ஊருக்குப் போதும், இந்த ஊருக்குப் போங்கள்’ என்று பேசிக்கொள்ள ஓர் இடம். பிறகு கிராமங்களுக்கு நடுவே தகவல் மையங்களையும் திறந்தார்கள். அரசாணையில் என்ன எழுதியிருக்கிறது, தனக்கு எது உரிமை என்று ஒரு மீனவர் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குறை இருந்தால் அங்கிருந்து மேலே போகும்.

அரசு தரவேண்டியதை அரசு தரட்டும், விடுபட்ட இடத்தை நிறுவனங்கள் நிரப்பட்டும் என்ற எளிய ஏற்பாடுதான். ஆனால் இதற்கு முன் நம் ஊரில் இப்படி யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. அரசு அலுவலகத்துக்குள் தொண்டு நிறுவனங்களுக்கு இடம் கொடுக்க ஓர் ஆட்சியருக்குத் துணிவு வேண்டும். தன் பெயர்ப்பலகையை மறந்து மற்றவர்களின் கணக்கை எழுத ஒரு நிறுவனத்துக்குப் பக்குவம் வேண்டும். இரண்டும் அன்று நாகையில் ஒன்றாகக் கூடிவந்தன.

தலைக்கட்டும் தலைக்கட்டில் இல்லாதவர்களும்

சரி, ஊருக்குள் யார் கணக்கெடுத்தார்கள்? பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்து. நாகைக் கரையில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களில், பஞ்சாயத்துத் தலைவர்களான நாட்டார்கள் சொல்வதுதான் சட்டம். ஊர் வரி கட்டும் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழா வரியிலிருந்து கடலில் கிடைத்த பங்கு வரை எல்லாம் தலைக்கட்டுக் கணக்குத்தான். வந்த நிவாரணத்தையும் நாட்டார்கள் அப்படியே பிரித்தார்கள். இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. அடிதடி இல்லாமல், ஒருவருக்குப் போய் ஒருவருக்குப் போகாமல், ஊருக்குள் சமமாகப் பங்கு பிரிந்தது. வெளியிலிருந்து வந்த எந்த நிறுவனமும் அதை அவ்வளவு சீக்கிரம் செய்திருக்க முடியாது.

ஆனால் தலைக்கட்டு என்றால் ஆண் தலைமை தாங்கும் குடும்பம். கணவனை இழந்த பெண் பல ஊர்களில் முழுத் தலைக்கட்டாக எண்ணப்படுவதில்லை. அன்று காலை புதிதாகக் கைம்பெண் ஆனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். தலையில் அன்னக்கூடை வைத்து ஊர் ஊராக மீன் விற்ற பெண்களுக்குப் போனது கூடையும் கைமுதலும் வாடிக்கையும். அது ஒரு தொழில் இழப்பாகவே முதலில் எண்ணப்படவில்லை. படகு போனவர் மீனவர், கூடை போனவள் மீனவரின் மனைவி. அப்படித்தான் எழுதினார்கள்.

ஊருக்கு வெளியே இன்னும் பெரிய விடுபடல். கடலை நம்பிப் பிழைத்தவர்கள் படகுக்காரர்கள் மட்டும் இல்லை. ஐஸ் உடைத்தவர்கள், மீன் பெட்டி சுமந்தவர்கள், காயலில் இறால் தடவிப் பிழைத்த இருளர்கள், அலை ஏறிய வயல்களில் கூலிக்குப் போன தலித் குடும்பங்கள். பல இடங்களில் நிவாரண வண்டி இவர்கள் தெருவைத் தாண்டிப் போயிற்று. சில முகாம்களில் சேர்ந்து தங்கவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கவும் தடை இருந்தது பதிவாகியிருக்கிறது. இதைச் செய்தவர்களும் வீடிழந்தவர்கள்தான் என்பது கசப்பான உண்மை. தலித் இயக்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் ஊர் ஊராகப் போய்த் தனிக் கணக்கு எடுத்துக் காட்டிய பிறகே விடுபட்டவர்கள் மெல்லப் பட்டியலுக்குள் வந்தார்கள்.

விவசாயிகள் இன்னொரு வகை. சம்பா பயிர் நின்ற நேரத்தில் வயலில் உப்பு நீரும் கடல் சேறும் ஏறின. சாவு இல்லாத இடத்துக்குக் கேமரா வராது. உப்பை நீக்க வேளாண் துறை ஜிப்சம் கொடுத்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் உள்ளூர்க் குழுக்களும் சேற்றை வழித்து, வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி, பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழச் சொன்னார்கள். பல ஆண்டு ஆகும் என்று சொல்லப்பட்ட நிலங்களில் பல, அதற்கு வெகு முன்பே நெல் கண்டன.

படகு மேல் படகு

நன்கொடை கொடுப்பவருக்குப் படகைப் போல ஒரு பொருள் அமையாது. வண்ணம் அடித்து, பெயர் எழுதி, வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம். அதனால் எல்லோரும் படகு கொடுத்தார்கள். கடலோரம் முழுக்கக் கண்ணாடி இழைப் படகு கட்டும் கூடாரங்கள் திடீரென்று முளைத்தன. அவசரத்தில் கட்டியதில் தரம் குறைந்தவையும் நிறைய. கட்டுமரம் வைத்திருந்தவருக்கும் ஃபைபர் படகு கிடைத்தது, அதுவரை அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவரும் படகுப் பங்காளி ஆனார்.

கேட்க நல்லதுதானே? கடல் பெரிதாகவில்லையே. படகு பெருகியது, மீன் பெருகவில்லை, மண்ணெண்ணெய்ச் செலவு ஏறியது. எல்லோரும் முதலாளியானதும் படகுக்கு ஆள் கிடைக்காமல் சில படகுகள் கரையில் வெறுமனே கிடந்தன. மீன்பிடித் தொழில் தெரிந்த சிஃப்ஸ் போன்றவர்கள் தொடக்கத்திலேயே இதைச் சொல்லி எச்சரித்தார்கள். ஆனால் நன்கொடைப் பணத்தை வாங்கிய நிறுவனத்துக்கு அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் செலவு செய்து கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம். பழைய கட்டுமரத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தோம் என்று அறிக்கை எழுதினால் யாரும் கைதட்டமாட்டார்கள்.

தார் அட்டைக் கூரையும் காங்கிரீட் வீடும்

தற்காலிகக் குடியிருப்புகளை வேகமாகக் கட்டினார்கள். தார் பூசிய அட்டைதான் கூரை, பல இடங்களில் சுவரும் அதுவே. சித்திரை வெயிலில் அதற்குள் உட்கார முடியவில்லை. பகலெல்லாம் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மர நிழல் தேடிப் போனார்கள். 2005 வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பெய்தபோது அதே குடியிருப்புகளில் பல தண்ணீரில் நின்றன. அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பனையோலையிலும் தென்னங்கீற்றிலும் குளுமையாக வீடு கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் கீற்றும் மூங்கிலும் கொடுத்துக் கட்டச் சொல்லியிருந்தால் நல்ல நிழலாவது கிடைத்திருக்கும். தீப்பிடிக்கும் என்ற பயம் அரசுக்கு. கும்பகோணம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அந்தப் பயத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

நிரந்தர வீட்டுக்கு அரசு நிலம் தரும், தொண்டு நிறுவனம் கட்டித்தரும் என்று ஒப்பந்தம். வீடு ஒன்றுக்கு 300 முதல் 325 சதுர அடி, செலவு சுமார் 1.5 லட்சம். நிறுவனம் வராத இடங்களில் உலக வங்கிக் கடன் போன்ற வழிகளில் அரசே கட்டியது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு உள்ளே தள்ளி இடம். போக விருப்பம் இல்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், ஆனால் புது வீடு கிடையாது. வலையும் இன்ஜினும் கரையில் கிடக்க, வீடு மட்டும் தூரத்தில் போவது மீனவர்களுக்குப் பெரிய இடைஞ்சல். ‘கடல் கண்ணில் படாத இடத்தில் எப்படி இருப்பது’ என்பது அந்த ஊர்களில் இன்றும் கேட்கும் பேச்சு.

ஒரே அச்சில் வார்த்த தெருக்கள் பல ஊர்களில் வந்தன, இருந்த மரங்களை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில். விதிவிலக்காகத் தரங்கம்பாடியையும் சின்னங்குடியையும் சொல்லவேண்டும். அங்கே சிஃப்ஸோடு சேர்ந்து கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் வேலை செய்தார். குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, அடுப்படி எந்தப் பக்கம், எந்த மரத்தை விடவேண்டும் என்று கேட்டுக் கட்டினார்கள். நேரம் அதிகம் பிடித்தது. வீட்டைத் திறந்து சாவி கொடுக்கும் படத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது பொறுமையைச் சோதித்திருக்கும்.

வீட்டு விஷயத்தில் அரசு எடுத்த ஒரு முடிவை மனதாரப் பாராட்டுவேன். பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கவேண்டும் என்று வைத்தார்கள். தலைக்கட்டுக் கணக்கில் பெயரே இல்லாத பெண்ணுக்கு முதல்முறையாக ஒரு காகிதத்தில் வீடு வந்தது.

பிள்ளைகள்

பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்கிறோம் என்று நாடு முழுவதிலிருந்தும் மனுக்கள் குவிந்தன. அரசு தத்துக் கொடுப்பதை நிறுத்திவைத்தது. அந்தக் குழப்பத்தில் யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று பார்க்க முடியாது என்பதால் அது சரியான முடிவு. உறவினர் வளர்க்க முன்வந்தால் அவர்களிடம், இல்லையென்றால் நாகையில் தொடங்கிய அன்னை சத்யா இல்லத்தில். குழந்தை ஒவ்வொன்றின் பேரிலும் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போடப்பட்டது.

மனநல உதவிக்கு வந்தவர்களில் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் செய்தது பொருத்தமான காரியம். மனநல மருத்துவர்களை ஊருக்கு ஊர் அனுப்ப ஆள் போதாது. அதனால் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், உள்ளூர்த் தன்னார்வலர்கள் என்று ஊரிலேயே இருக்கப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அழுகிறவரை அழவிடு, பக்கத்தில் உட்கார், பிள்ளைகளை வரையவும் விளையாடவும் விடு, தூக்கமே வராதவரை மருத்துவரிடம் அனுப்பு. வந்த குழுக்கள் எல்லாம் போன பிறகும் அந்த ஆசிரியை அங்கேயே இருந்தார்.

அப்புறம், பெற்ற பிள்ளைகளை எல்லாம் இழந்த தாய்மார்கள். இரண்டு குழந்தையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அந்தக் கரையில் ஏராளம். அரசு முகாம் போட்டு, ஊர் ஊராகச் சொல்லிச் செய்த ஆபரேஷன்தான். ஒரே காலையில் இரண்டு பிள்ளையும் போய்விட்டன. இந்த இழப்பு எந்த நிவாரணப் படிவத்திலும் இல்லை. பெண்கள் வந்து கேட்டார்கள். அரசு கேட்டுக்கொண்டது. கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்துகொள்ள ஏற்பாடு வந்தது. எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. பலித்தவர்களின் பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள். இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். பிள்ளை வேண்டும் என்ற நெருக்குதல் வீட்டிலிருந்தே வந்தது, இல்லையென்றால் கணவன் வேறு கல்யாணம் செய்துகொள்வான் என்ற பயம் இருந்தது. துக்கம் ஆறுவதற்குள் ஆபரேஷன் மேசைக்குப் போன பெண்களும் உண்டு. ஆனாலும், படிவத்தில் இல்லாத ஒரு வலியை ஒரு தாய் வாயால் சொல்லிக் கேட்டு அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது என்பதை நான் இந்த நிகழ்வின் உச்சமாகவே வைக்கிறேன்.

பிறகு

2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. கரையோரம் பல்நோக்குப் பேரிடர் மையங்கள் எழுந்தன.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை ஏறியபோது இவை எல்லாம் கைகொடுத்தன. முன்கூட்டியே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். சுனாமி நாளோடு ஒப்பிட்டால் அது வேறு உலகம். ஆனால் கஜா கரையோடு நிற்கவில்லை. தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர் என்று உள்ளே போய்த் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. மின்கம்பங்கள் விழுந்து கிடக்க, தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடவில்லை. இந்த முறை நிவாரணம் வரவில்லை என்று சாலையை மறித்து உட்கார்ந்தவர்கள் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த கிராமத்துக்காரர்கள். சில ஊர்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று தங்களுக்குள்ளேயே வசூலித்து, வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் பிடித்துவந்து, மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொண்டார்கள்.